தெனாரியஸ் எழுத்தை வாசிக்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் அகப்படுபவை பெரும்பாலும் பிற்காலச் செப்புக்காசுகள். தெனாரியஸ் என்னும் உரோம வெள்ளிக்காசு அரிது. அகப்பட்டால் தேய்க்காதீர்கள். தேசிக்காயும் பழப்புளியும் செம்புக் குடத்துக்குத்தான்; காசில் பட்டால் எழுத்து பழுதாகலாம். நிலத்தில் எடுத்ததென்றால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் வேண்டும்.

முதலில் நகைத் தராசில் நிறுங்கள். உரோமப் பேரரசன் திபேரியஸின் காசு ஏறக்குறைய 3.7 கிராம், குறுக்களவு 18 மில்லிமீற்றர். கி.பி. 64இல் பேரரசன் நீரோ எடையைக் குறைத்தான். அதற்குப் பிந்தியது 3.4 கிராம் இருந்தால் பயமில்லை. திபேரியஸ் காசே 3க்குக் கீழே நின்று, விளிம்பில் பச்சையும் பிடித்திருந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளித்தகடு. அக்காலத்துக் கள்ளக்காசாகவும் இருக்கலாம்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, 10 மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். இலத்தீன் எழுத்து மணிக்கூட்டுமுள் திசையில் ஓடும். ‘யு’ (U) வரவேண்டிய இடத்தில் ‘வி’ (V) நிற்கும்; பலர் தடுக்கிவிழுவது இங்கேதான். ‘ஏவிஜி’ (AVG) என்றால் அகுஸ்துஸ், தனி ‘எஃப்’ (F) என்றால் மகன். ஆக, திபேரியஸ் காசின் தலைப்பக்கம் சொல்வது: தெய்வமாகிய அகுஸ்துசின் மகன், திபேரியஸ் சீசர் அகுஸ்துஸ். மறுபக்கம் ‘பொன்டிஃப் மாக்சிம்’, தலைமைப் பூசகர். செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணைத் திபேரியஸின் தாய் லிவியா என்பார்கள். காசில் அவள் பெயர் கிடையாது.