தூக்கம் திரும்பி வந்தது

ஆறேழு மாதமாக இரவு 2 மணி வரை கண் மூடாது. மாத்திரைக்குப் போகும் முன் நடந்து பார்க்கலாம் என்று கோவை சிங்காநல்லூர் குளக்கரைக்குப் போனேன். முதலில் மாலையில்தான் நடந்தேன். கால் வலித்தது, தூக்கம் வரவில்லை. சரி என்று காலை 7 மணிக்கு மாற்றினேன். விஷயமே அங்கேதான் இருந்தது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடலின் கடிகாரம் முன்னுக்கு நகரும். இரவில் தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சீக்கிரம் சுரக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன். ஒருநாள் பட்டமரக் கிளையில் ஒரு நீர்க்காகம், இரண்டு சிறகையும் விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அது சிறகை மடக்கும்வரை அப்படியே நின்றேன். அலுவலக நினைப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நடையைவிட இப்படி நிற்பதுதான் மருந்து என்று தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் 11 மணிக்கே கண் சொக்கியது. தினமும் 40 நிமிடம், அவசரமில்லாத நடை. மழையென்றால் குடையோடு போகிறேன். அன்றைக்குக் கரையில் கூட்டம் இருக்காது, தவளைச் சத்தம் மட்டும்தான்.