எட்ரியன் ஒடிசி: இரண்டாம் தளத்திலேயே சிக்கிக்கொள்கிறவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணே, ரெண்டாவது தளத்தைத் தாண்டவே முடியலை. லெவல் ஏத்தி ஏத்தி அலுத்துப்போச்சு." என்னிடமிருந்து எட்ரியன் ஒடிசியை வாங்கிப்போன பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு வாரம் கழித்து வந்து சொன்னது இது. அவன் ஆடும் கையடக்க விளையாட்டுக் கருவியான டிஎஸ்ஸை வாங்கிப் பார்த்தேன். கீழ்த்திரையில் நடந்த கட்டங்கள் மட்டும் நிறம் மாறிக் கிடந்தன. ஒரு சுவர்க்கோடு இல்லை, ஒரு கதவுக் குறி இல்லை. விளையாட்டின் பாதியை அவன் தொடவே இல்லை.

அட்லஸ் நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்காக 2007-இல் வெளியிட்ட விளையாட்டு இது. 2023 ஜூனில் நிண்டெண்டோவின் பிந்தைய கருவியான ஸ்விட்சுக்கும் எச்.டி. பதிப்பாக வந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவோடு ஒரு பெரிய மரத்தின் அடியில் இருக்கும் காட்டுக்குள் தளம் தளமாக இறங்க வேண்டும். மொத்தம் 30 தளங்கள். சண்டை முறைவைத்து நடப்பதுதான். அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் வரைபடத்தை நாமே வரைய வேண்டும். 1980-களில் விசார்ட்ரி என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள் பக்கத்தில் கட்டம் போட்ட தாளை வைத்து வரைந்தார்களே, அந்தத் தாளைத்தான் டிஎஸ்ஸின் தொடுதிரையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் முதல் தவறு, வரைவதை வேண்டாத வேலையாக நினைப்பது. நடந்த இடத்துக்குத் தானாக நிறம் பூச ஒரு வசதி இருக்கிறதுதான். ஆனால் அது ‘இங்கே வந்தேன்’ என்று மட்டும்தான் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் குறுக்குவழி எங்கே, எந்தக் கட்டத்தில் மூலிகை பறிக்கலாம், எந்த முட்டுச்சந்தில் ஏதோ இருப்பதுபோல் தோன்றியும் திறக்க முடியவில்லை என்பதெல்லாம் நாம் குறித்தால்தான் உண்டு. நான்கு அடி நடந்தால் நின்று சுவரை வரையுங்கள். இரண்டு பக்கமும் வரைந்துகொண்டே போகும்போது, நடுவில் நான்கு கட்டம் அளவுக்கு ஒரு வெற்றிடம் மிஞ்சும். சுற்றிலும் வழி இருக்க, அங்கே மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? திரும்பிப்போய் அதையொட்டிய சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஓரிடத்தில் புகுந்து போக ஒரு சந்து தட்டுப்படும். அந்த மகிழ்ச்சியை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. எச்.டி. பதிப்பை டிவியில் இணைத்து பொத்தான்களால் வரைந்தும் ஆடலாம். ஆனால் ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் வரைவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது தவறு, கண்ணில் படும் எதிரியோடெல்லாம் போய் மோதுவது. அதுதான் தம்பியை மாட்டிவிட்டது. வரைபடத்தில் ஒரு தீப்பந்துபோல நகருமே, அதுதான் எஃப்.ஓ.இ. எனப்படும் பலமான எதிரி. ஜப்பானில் இதன் விரிவு ‘ஃபீல்ட் ஆன் எனிமி’. மற்ற எதிரிகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து பாய்வார்கள். இது மட்டும் தெரிந்தே நிற்கும். தெரிகிறதே என்று போய் மோதினால் குழுவே காலி. இரண்டாம் தளத்தில் ஒரு வெறிபிடித்த மான் இருக்கிறது. புதிதாக வந்தவர்களை வழியனுப்பவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். மூன்றாம் தளத்தின் பெரிய பச்சைப்பூச்சிக்கு ஜப்பானியப் பெயரே ‘அனைத்தையும் அறுக்கும் நிழல்’ என்ற பொருளில் வரும். இவற்றோடு முதல் பார்வையிலேயே சண்டைபோட வேண்டிய கட்டாயம் இல்லை.

நாம் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைக்கும். நாம் நின்றால் நிற்கும். சில ஒரே தடத்தில் சுற்றும், சில நம்மைக் கண்டால் துரத்தும். ஆடுபுலி ஆட்டத்தில் புலி எங்கே தாவும் என்று பார்த்துக் காய் நகர்த்துவதைப்போல, அது திரும்பும் வரை இரண்டடி பின்வாங்கி, அது கடந்ததும் சந்துக்குள் நுழைய வேண்டும். அதன் தடத்தை அம்புக்குறிகளால் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நாம் வேறு எதிரியோடு சண்டையில் இருக்கும்போதும் அது நகரும். சண்டையின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதற்கு ஓரடி. சாதாரணச் சண்டைதானே என்று அதன் பக்கத்தில் நின்று இழுத்தடித்தால், மூன்றாவது சுற்றில் மான் நடுவே வந்து சேர்ந்துகொள்ளும். ஐந்தாம் தளத்தில் இருக்கும் பெரிய ஓநாயிடம் போகும்போதும் இதே கதைதான். சுற்றித் திரியும் ஓநாய்களை முதலில் கணக்கில் எடுக்காதவர்கள், அங்கே ஒரு கூட்டத்தோடு மோத வேண்டியிருக்கும்.

அடுத்தது பேராசை. ‘இன்னும் ஒரு அறை பார்த்துவிட்டுத் திரும்பலாம்’ என்ற எண்ணம் வரும்போதே திரும்பிவிட வேண்டும். ஊருக்கு உடனே கொண்டுசேர்க்கும் நூல் ஒன்று கடையில் கிடைக்கும். டிஎஸ்ஸின் ஆங்கிலப் பதிப்பில் அதற்கு வார்ப் வயர் என்று பெயர். அது இல்லாமல் ஒருநாளும் இறங்கக் கூடாது. குழுவின் மருத்துவரான மெடிக்கிடம் இரண்டு தடவை குணப்படுத்த மட்டுமே டி.பி. (திறன்களைப் பயன்படுத்தச் செலவாகும் புள்ளி) மிச்சம் இருக்கிறதென்றால், அன்றைய பயணம் முடிந்தது. பையில் 60 பொருட்களுக்குத்தான் இடம். எதிரிகளிடமிருந்து கிடைப்பதைக் கடையில் விற்றால்தான் புது ஆயுதங்களே விற்பனைக்கு வரும். ஆகவே திரும்பி வருவது தோல்வி ஆகாது. குழு பலம் பெறுவதே அப்படித்தான்.

குழு அமைப்பில் ரொம்பக் குழம்ப வேண்டாம். முன்வரிசையில் போர்வீரனான லேண்ட்ஸ்க்னெக்ட்டும் காவல் வீரனான புரொடெக்டரும், பின்வரிசையில் மெடிக்கும் ரசவாதியான ஆல்கெமிஸ்டும். ஐந்தாவது ஆள் உங்கள் விருப்பம். பெயர் அழகாக இருக்கிறது, படம் பிடித்திருக்கிறது என்று மெடிக் இல்லாமல் முதல் காட்டுக்குள் போகாதீர்கள்.

திறன்களை வளர்க்கும் ஸ்கில் பாயின்ட்டைத்தான் பார்த்துச் செலவு செய்ய வேண்டும். ஒரு லெவலுக்கு ஒன்றுதான் வரும். ஆல்கெமிஸ்டுக்கு நெருப்பு, பனி, மின்னல் மூன்றிலும் ஒவ்வொன்றாகப் போட்டால் மூன்றும் அரைகுறை. ஒன்றைப் பிடித்து வலுவாக்கிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். தவறாகப் போட்டால் திருத்த வழி உண்டு, ஆனால் அதற்கு விலையாகச் சில லெவல்களை இழக்க வேண்டும்.

ஒலியை அணைத்துவிட்டு ஆடுவதையும் தவறு என்றே சொல்வேன். இசையமைப்பாளர் யூசோ கோஷிரோ இந்த இசையைப் பழைய பிசி-88 கணினியின் ஒலிச்சில்லில் அமைத்தார். முதல் காட்டின் அமைதியான மெட்டைக் கேட்டுக்கொண்டே வரைவதும், சண்டை தொடங்கியதும் அது மாறுவதும் சேர்ந்துதான் இந்த அனுபவம். பேருந்தில் ஆடினாலும் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குழு முழுவதும் விழுந்த நேரத்தில் ஆத்திரத்தில் பலர் டிஎஸ்ஸை அப்படியே அணைத்துவிடுகிறார்கள். தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறான். சற்றுப் பொறுத்தால், வரைந்த வரைபடத்தை மட்டும் சேமிக்கவா என்று ஒரு கேள்வி வரும். கிடைத்த லெவலும் பொருளும் போய்விடும். ஆனால் ஆம் என்று சொன்னால், மான் சுற்றும் தடமும் நீங்கள் போட்ட அம்புக்குறிகளும் அடுத்த தடவை இறங்கும்போது அப்படியே இருக்கும்.