மேசைக் கணினி முழுமையாகத் தொடங்காதபோது பழுதைக் கண்டறியும் முறை

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, ஆனால் வேலை செய்வதற்கான திரை மட்டும் வருவதில்லை என்றால், பலரும் உடனே எடுக்கும் முடிவு விண்டோஸை மறுபடியும் நிறுவிவிடுவது. பெரும்பாலான நேரங்களில் அது தேவையற்ற முடிவு; பழுது ராமிலோ (தற்காலிக நினைவகம்) எஸ்எம்பிஎஸ்ஸிலோ (மின்வழங்கிப் பெட்டி) இருந்தால் பயனற்ற முடிவும்கூட. கோப்புகளுக்கு வேறெங்கும் நகல் இல்லையென்றால், ஈடுசெய்ய முடியாத இழப்பில் கொண்டுபோய் விடும். கணினியின் தொடக்கம் அடுத்தடுத்து நிகழும் சில கட்டங்களால் ஆனது. அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால், ஐயப்பட வேண்டியவற்றில் பெரும்பகுதி தானாகவே விலகிவிடும்.

பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் விழித்து, தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றுவிட்டன என்ற குறிப்பைக் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே பிராசஸர் இயங்கத் தொடங்கி, மதர்போர்டில் பதிந்துள்ள தொடக்க நிரலான பயாஸை, அல்லது இன்றைய கணினிகளில் அதன் இடத்தைப் பிடித்துள்ள யூஇஎஃப்ஐயை, செயல்படுத்துகிறது. அது ராமையும் கிராஃபிக்ஸையும் சோதித்த பிறகு திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறது. அடுத்து, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தேடி, அங்குள்ள பூட் லோடர் என்னும் ஏற்றும் நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட் லோடர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல், வன்பொருள்களுக்கான நிரல்களாகிய டிரைவர்களை இயக்கிய பிறகு, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது. ஆகவே சின்னமே தோன்றாத கணினியில் விண்டோஸைக் குறை சொல்வதில் பொருளில்லை. விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வரை வந்து நிற்கும் கணினிக்கு மானிட்டர் கேபிளை மாற்றுவதிலும் பயனில்லை.

திரையில் கடைசியாகத் தெரிந்தது எது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிழைச்செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுமானால், கைபேசியில் காணொளியாகப் பதிவுசெய்து நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். பழுது தோன்றுவதற்குச் சற்று முன்பு என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள்: புதிதாகப் போட்ட ராம், அன்று வந்த அப்டேட், கேபினட்டை இடம் மாற்றியது, வேலையின் நடுவே மின்சாரம் போனது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு திசையைக் காட்டும். சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிக் கணினி இயங்கிவிட்டால், உண்மையான காரணம் தெரியாமலே போய்விடும். பழுது திரும்பும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

திரையில் எதுவுமே தோன்றாவிட்டால்

விசிறிகூடச் சுழலவில்லையென்றால், சுவர் சாக்கெட்டில் வேறொரு கருவியைச் செருகிச் சோதித்த பின், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறத்திலுள்ள சிறு சுவிட்சையும் கேபிளின் இறுக்கத்தையும் பாருங்கள். விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டுள்ளது என்பதே முதல் கேள்வி. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. கேபினட்டைச் சுத்தம் செய்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி இணைக்கும்போது இந்தத் தவறு எளிதில் நேர்கிறது.

கேபினட்டைத் திறப்பதற்கு முன் மின் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தையும் நீக்கிக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது ராம். அதன் தொடுமுனைகளில் படியும் தூசும், ராம் சற்றே நகர்ந்திருப்பதும் கணினியைச் சின்னத்திற்கு முன்பே நிறுத்திவிடப் போதுமானவை. எல்லா ராம்களையும் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஒன்றை மட்டும் மதர்போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டில் பூட்டு விழும் வரை அழுத்திச் செருகிப் பாருங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள பலகைகளில் அது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது. தொடங்கவில்லையென்றால் அதே ஸ்லாட்டில் அடுத்த ராமையும், பிறகு அதே ராமை வேறு ஸ்லாட்டிலும் வைத்துச் சோதித்தால், குறை ராமிலா ஸ்லாட்டிலா என்பது தெளிவாகும். டிடிஆர்5 ராம் பொருத்திய கணினியில் ஓர் எச்சரிக்கை உண்டு: புதிய ராமைப் போட்டதும், பயாஸை அப்டேட் செய்ததும், மதர்போர்டு அந்த ராமுக்கேற்ற நேர அளவுகளைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைத்தால் அந்த வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

மதர்போர்டே பல நேரங்களில் குறையைச் சொல்லிவிடுகிறது. இன்றைய பலகைகள் பலவற்றில் பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், பூட் ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சிறு எல்இடிகள் உள்ளன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தொடக்கம் தடைபடுகிறது. எல்இடி இல்லாத பலகையில் சிறு ஸ்பீக்கர் இருந்தால் பீப் ஒலிகளை எண்ணுங்கள். அவற்றின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறுபடும் என்பதால், உங்கள் மதர்போர்டின் கையேட்டிலுள்ள பட்டியலை மட்டுமே நம்ப வேண்டும். பிராசஸருக்கு அருகில் செருகும் நான்கு அல்லது எட்டு முனை மின் கேபிள் கழன்றிருந்தாலும் விசிறிகள் சுழலும், ஆனால் வேறெதுவும் நடக்காது; அதையும் அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பயனில்லையென்றால் பயாஸ் அமைப்புகளை அழித்துப் பார்க்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, காசு வடிவிலான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைப்பது அதற்கு எளிய வழி. ஆனால் டிஸ்க்கில் தரவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால், இதன் பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ வேறிடத்திலோ அந்தச் சாவி இருப்பதை வேறொரு கருவியில் பார்த்து உறுதிசெய்த பின்பே பேட்டரியில் கை வையுங்கள்.

சின்னம் வந்து அங்கேயே நின்றால்

விசைப்பலகை, மவுஸ் தவிர யூஎஸ்பியில் செருகியுள்ள அனைத்தையும் அகற்றுங்கள். பிரின்டர், கார்டு ரீடர், மறந்துபோன பென் டிரைவ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே தொடக்கத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். பிறகு டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் சென்று இரண்டைக் கவனியுங்கள்.

முதலாவது, உங்கள் டிஸ்க் அங்கே தெரிகிறதா என்பது. தெரியவில்லையென்றால் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளையும் மின் கேபிளையும் மாற்றிப் பாருங்கள், மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் கழற்றித் திரும்பப் பொருத்துங்கள். இரண்டாவது, தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பது. பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள், அதனுடன் மற்ற அமைப்புகளும் அழிந்திருக்கும். அவற்றில் டிஸ்க் இணைப்பு முறை முக்கியமானது: விண்டோஸை நிறுவியபோது ரெய்டு முறையில் இருந்தது இப்போது ஏஹெச்சிஐ ஆக மாறியிருந்தால், டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற பிழையுடன் நீலத்திரை வந்துகொண்டே இருக்கும். பழைய முறைக்குத் திருப்பினாலே போதும். பழைய பயாஸ் முறையில் நிறுவிய இயங்குதளத்தை யூஇஎஃப்ஐ மட்டும் என்ற அமைப்பில் தொடக்க முயன்றாலும், டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் செய்ய எதுவும் இல்லை என்ற செய்தியே வரும்.

பழுதுபார்ப்பதற்கு முன் கோப்புகள்

டிஸ்க் பயாஸில் ஒரு முறை தெரிந்து மறுமுறை மறைந்தாலோ, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற ஒலி திரும்பத் திரும்பக் கேட்டாலோ, இனிப் பழுதுபார்க்கும் நிரல் எதையும் ஓட்டாதீர்கள். செக் டிஸ்க் போன்ற கருவிகள் கோப்பமைப்பைச் சீராக்குவதற்காக டிஸ்க் முழுவதையும் படித்து, சிலவற்றைத் திருத்தியும் எழுதுகின்றன. செயலிழந்துவரும் டிஸ்க்கில் அது இருப்பதையும் கெடுத்துவிடலாம். வேறொரு கணினியில், லினக்ஸ் என்னும் இயங்குதளம் கொண்ட பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து நிறுவாமலே இயக்கி, முதலில் ஈடுசெய்ய முடியாத படங்களையும் ஆவணங்களையும், நேரமிருந்தால் மற்றவற்றையும் வெளிப்புற டிஸ்க்கிற்கு நகலெடுங்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றினாலும் இந்த வேலையை முன்னதாக முடித்துவிடுவதே என் உறுதியான பரிந்துரை. சில மணி நேரம் போகும். ஆனால் அதன் பிறகு எந்தச் சோதனையையும் அச்சமின்றிச் செய்யலாம்.

இயங்குதளம் ஏறும்போது நின்றால்

விண்டோஸின் தொடக்கம் அடுத்தடுத்துத் தடைபட்டால் அது தானே மீட்புச் சூழலைத் திறக்கும். திறக்காவிட்டால் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலிருந்து தொடங்கி, பழுதுபார்க்கும் பகுதிக்குள் செல்லலாம். அங்குள்ள தானியங்கித் தொடக்கப் பழுதுபார்ப்பை ஒரு முறை ஓடவிடுங்கள். அது தோற்றால் சேஃப் மோடுக்குச் செல்லுங்கள்: தொடக்க அமைப்புகள் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தினால், விண்டோஸ் மிக அடிப்படையான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு திறக்கும். அப்படித் திறந்துவிட்டால் பழுது பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்பட்ட டிரைவரிலோ மென்பொருளிலோதான் இருக்கிறது.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சிக்கியது இதற்கு மிகத் தெளிவான சான்று. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றே அதற்குக் காரணம். வன்பொருள் எதுவும் கெடவில்லை. சேஃப் மோடில் நுழைந்து குறிப்பிட்ட ஒரு கோப்பை அழித்ததும் அந்தக் கணினிகள் வழக்கம்போல் தொடங்கின. உங்கள் கணினியிலும் கடைசியாக வந்த அப்டேட்டையோ கிராஃபிக்ஸ் டிரைவரையோ நீக்கிப் பாருங்கள். விண்டோஸ் முன்பே சேமித்துவைத்த மீட்புப் புள்ளி இருந்தால் பழுதுக்கு முந்தைய நாளுக்குத் திரும்புங்கள். லினக்ஸில் இதற்கு இணையான வழி, கிரப் என்னும் அதன் பூட் லோடரின் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பது.

கடவுச்சொல் கொடுத்த பிறகு வெறும் கறுப்புத்திரையும் மவுஸ் அம்பும் மட்டும் தெரிந்தால், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தி கிராஃபிக்ஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜர் திறந்தால், கணினியுடன் தாமாகவே தொடங்கும் நிரல்களை நிறுத்துங்கள்.

சில நாள் தொடங்கி, சில நாள் நின்று, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழையைக் காட்டும் கணினியே மிகக் கடினமானது. அங்கே மென்பொருளைவிட ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஐயப்படுவது நல்லது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை ஏற்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை, நன்றாக இயங்கும் வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதே வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை.

இவை எல்லாம் முடிந்து, வன்பொருள் நலமாக இருப்பது உறுதியான பின்னரே விண்டோஸை மீளமைக்கும் முடிவுக்கு வாருங்கள். அப்போதும், கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வையே முதலில் எடுங்கள். அது நிறுவிய மென்பொருள்களை நீக்கினாலும் உங்கள் சொந்தக் கோப்புகளை விட்டுவைக்கும். கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதாக இருந்தால், நீங்கள் குறித்துவைத்த தாளையும் சேர்த்துக் கொடுத்து, உங்களைக் கேட்காமல் டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கூடாது என்பதை அந்தத் தாளின் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.