ஒரே ஆளுக்கு இரண்டு வயதா? ஸ்காட்லாந்துப் பதிவுகளில் எதை நம்புவது

ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடும்போது இறப்புப் பதிவில் ஒரு வயது, சென்சஸில் இன்னொரு வயது என்று வந்தால் உடனே ஒன்றை ஒதுக்கிவிடாதீர்கள், அந்தத் தகவலைச் சொன்னது யார் என்று முதலில் பாருங்கள். 1855-இல் தொடங்கிய அரசு இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்கூட இருக்கும், பொக்கிஷம்தான். ஆனால் சொன்னவர் மருமகன் என்றால், மாமியாரின் அம்மாவை அவர் பார்த்தே இருக்கமாட்டார், அந்தப் பெயரை அவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். இறந்தவரே தன் கல்யாணப் பதிவில் சொன்னதற்கு எடை அதிகம். 1841 சென்சஸ் வயதோடு மல்லுக்கட்டவே வேண்டாம், 15-க்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார் (எல்லாக் கணக்கெடுப்பாளரும் அதைக் கேட்டு நடக்கவில்லை என்பது வேறு கதை). அப்புறம், பதிவின் ஓரத்தில் சின்னக் குறிப்பு இருந்தால் விடாதீர்கள்: திருத்தப் பதிவேடு என்று தனியாக ஒன்று உண்டு, தந்தை பெயரோ சாவுக்கான காரணமோ பின்னாளில் அங்கே மாறியிருக்கலாம். இந்தப் பதிவுகளை இணையத்தில் தரும் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் (ScotlandsPeople) தளத்தில், தேடினால் வரும் பெயர் அட்டவணையோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தையே திறந்து பாருங்கள், பழைய கையெழுத்தை யாரோ தப்பாகப் படித்ததால் வந்த குழப்பமாகவும் இருக்கும்.