ஊடகக் கண்காணிப்பு அறிக்கைகளை எப்படிப் படிப்பது?

பதினொரு வருடம் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்தேன். இஸ்ரேல்-பாலஸ்தீனச் செய்தி பெரிதாக வந்த மறுநாள் கடிதங்கள் குவியும். அவற்றில் பாதி, ஏதாவது ஓர் ஊடகக் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கையைப் பார்த்து எழுதியவையாக இருக்கும். இப்போது அதே அறிக்கைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. "மேற்கத்திய ஊடகங்களின் பித்தலாட்டம், ஆதாரத்துடன்" என்று யாராவது அனுப்பினால் நான் எப்படிப் படிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், அமைப்பு எந்தக் கோபத்தில் பிறந்தது என்று பாருங்கள். கேமரா என்று ஓர் அமைப்பு இருக்கிறது (நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள், படம் எடுக்கும் கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 1982-ல் லெபனான் போரை வாஷிங்டன் போஸ்ட் எழுதிய விதம் இஸ்ரேலுக்கு எதிரானது என்ற ஆத்திரத்தில் தொடங்கியது. ஹானஸ்ட் ரிப்போர்ட்டிங், இரண்டாம் இன்டிஃபாடா (இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீனியக் கிளர்ச்சி) வெடித்த 2000-ல் வந்தது. அதுவும் இஸ்ரேல் பக்கம்தான். 1986-ல் தொடங்கிய ஃபேர், அமெரிக்க ஊடகங்களை இடதுசாரிக் கண்ணோடு பார்ப்பது. இந்த விஷயத்தில் அதன் விமர்சனம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கும். பிரிட்டனில் முஸ்லிம் கவுன்சிலின் முயற்சியாக ஊடகக் கண்காணிப்பு மையம் 2018-ல் வந்தது.

சார்பு இருப்பது குற்றமில்லை. வக்கீல் தாக்கல் செய்யும் மனுவைப் படிப்பது போலப் படியுங்கள், போதும். மனுவில் தேதியும் பெயரும் பெரும்பாலும் சரியாக இருக்கும். எதிர்த்தரப்புக்குச் சாதகமானது எதுவும் இருக்காது.

அடுத்து, அறிக்கையில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள்: "இந்த வரி தவறு" என்பது ஒன்று, "இந்த ஊடகமே ஒருதலைப்பட்சம்" என்பது இன்னொன்று. முதல் வகையில் இந்த அமைப்புகள் கெட்டிக்காரர்கள். 2000 செப்டம்பர் 30-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஒரு படம் வந்தது. ரத்தம் வழியும் ஓர் இளைஞன், பின்னால் தடியோடு கத்தும் இஸ்ரேலிய போலீஸ்காரர். எருசலேமின் கோயில் மலையில் எடுத்த படம், அந்த இளைஞன் பாலஸ்தீனியன் என்றது படக்குறிப்பு. உண்மையில் அவன் சிகாகோவைச் சேர்ந்த யூத மாணவன். அவனை அடித்தது பாலஸ்தீனியக் கும்பல். போலீஸ்காரர் அவனைக் காப்பாற்ற வந்தவர். படத்தின் பின்னணியில் பெட்ரோல் பங்க் தெரிகிறது. கோயில் மலையில் பெட்ரோல் பங்க் ஏது? பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. ஹானஸ்ட் ரிப்போர்ட்டிங் இன்றுவரை தன் கதையை இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

படக்குறிப்பு தவறு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு படக்குறிப்பை வைத்து அந்த வருடத்துச் செய்திகள் முழுவதையும் எடை போட முடியுமா? அந்தத் தாவலை அறிக்கை எந்தப் பத்தியில் எடுக்கிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே தட்டுப்பட்டுவிடும்.

மூன்றாவது வேலை அலுப்பானது, ஆனால் தவிர்க்கக் கூடாது: மூலச் செய்தியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது. இதைச் செய்யாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஓர் அறிக்கையில் மேற்கோள் காட்டியிருந்த வரியை அப்படியே மொழிபெயர்த்து, "இப்படியும் எழுதுகிறார்கள்" என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டேன். மேற்கோளின் நடுவில் மூன்று புள்ளிகள் இருந்தன. இராணுவத்தின் மறுப்பு செய்தியில் இல்லை என்பதுதான் அறிக்கையின் புகார். அந்த மறுப்பு அந்த மூன்று புள்ளிக்குள்தான் இருந்தது. வாசகர் ஒருவர் முழுச் செய்தியையும் வெட்டி ஒட்டி அனுப்பினார், கடிதம்கூட வைக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று புள்ளியைப் பார்த்தாலே கை மூலத்தைத் தேடுகிறது.

எண்கள் வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். நல்ல உதாரணம், ஃபேர் 2001-ன் முதல் ஆறு மாதங்களுக்கு அமெரிக்க வானொலியான என்.பி.ஆரை எடுத்துச் செய்த கணக்கு. அந்த வானொலி 62 இஸ்ரேலியர்களின் சாவையும் 51 பாலஸ்தீனியர்களின் சாவையும் சொல்லியிருந்தது. கேட்டால் கிட்டத்தட்ட சமம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு மாதத்தில் செத்தவர்கள் 77 இஸ்ரேலியர்கள், 148 பாலஸ்தீனியர்கள். அதாவது ஒரு பக்கம் நூற்றுக்கு 81 சாவு செய்தியானது, மறுபக்கம் 34. எத்தனை என்று கேட்டதோடு எத்தனையில் எத்தனை என்றும் கேட்டதால்தான் இது தெரிந்தது. எந்த அறிக்கையிலும் நான் முதலில் தேடுவது அந்த இரண்டாவது எண்ணைத்தான். அது இல்லையென்றால் மேலே படிப்பதில் அவ்வளவு அர்த்தமில்லை.

சரி, எண்ணினாலே உண்மை வந்துவிடுமா? பிபிசியைப் பாருங்கள். ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிந்தைய நான்கு மாதச் செய்திகளை ஆராய்ந்து, ட்ரெவர் அசர்சன் என்ற வழக்கறிஞர் தலைமையில் 2024-ல் ஓர் அறிக்கை வந்தது. பிபிசி தன் விதிகளையே 1,553 முறை மீறியது, இஸ்ரேலுக்கு எதிராகச் சாய்ந்தது என்றது. செயற்கை நுண்ணறிவை அதிகம் நம்பிய ஆய்வு என்று பிபிசி கேள்வி எழுப்பியது. மறுவருடம் நான் மேலே சொன்ன பிரிட்டன் மையம் ஒரு வருடச் செய்திகளை எண்ணி, ஒரு சாவுக்கு இவ்வளவு செய்தி என்று பார்த்தால் இஸ்ரேலியச் சாவுக்கு 33 மடங்கு அதிக இடம் கிடைத்தது என்றது. ஒரே நிறுவனம், நேரெதிர் முடிவு. ஒருவர் சொற்களின் தொனியை எண்ணினார், இன்னொருவர் சாவுக்கு எத்தனை செய்தி என்று எண்ணினார். ஆகவே எண்ணிக்கைக்கு முன்னால் எதை எண்ணினார்கள் என்ற பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள், அப்படியானால் நாங்கள் நடுநிலை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது சோம்பேறித்தனமான பதில். இரண்டு பேரும் வெவ்வேறு தவறைச் சரியாகவே பிடித்திருக்கலாம்.

நம் கண்ணையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 1982-ல் பெய்ரூட்டில் சப்ரா, ஷட்டீலா என்ற பாலஸ்தீன அகதி முகாம்களில் இஸ்ரேலின் கூட்டாளிப் படை நடத்திய படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அது இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள், அரபு ஆதரவாளர்கள் இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றார்கள். பார்த்தது ஒரே காட்சிகள். ஆய்வு 1985-ல் வெளியானது. ஓர் அறிக்கை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனால், அதே வாரத்தைப் பற்றி எதிர்த்தரப்பு அமைப்பு என்ன எழுதியது என்று தேடிவிட்டுத்தான் பகிர்கிறேன்.

அப்புறம், முடிந்தால் நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு தமிழ் நாளிதழ், இரண்டு வாரம், தலைப்புகள் மட்டும். ஆங்கிலத்தில் 'இறந்தனர்' என்பதா 'கொல்லப்பட்டனர்' என்பதா என்று சண்டை நடக்கிறது. நமக்கு அதைவிட வசதியாக 'பலி' இருக்கிறது. 'குண்டுவீச்சில் 20 பேர் பலி.' குண்டு வீசியது யார்? தலைப்பில் இடமில்லை என்று நானே நூறு தடவை அப்படிப் போட்டிருக்கிறேன். கொன்றவர் யார் என்று தலைப்பு சொல்கிறதா, இல்லையா என்று இரண்டு கட்டம் போடுங்கள். செத்தவர் எந்தப் பக்கம் என்று இன்னொரு கட்டம். எண்ணத் தொடங்கும் முன் விதியை எழுதிவிடுங்கள், பாதியில் மாற்றாதீர்கள். பிறகு முதல் 20 தலைப்புகளை வீட்டில் வேறு யாரையாவது தனியாக எண்ணச் சொல்லுங்கள். உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துவராது. எங்கே பிரிகிறது என்று பார்த்து, விதியைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து.

தவறு கிடைத்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள்: தேதி, பக்கம், தவறான வரி, சரியானது எது, அதற்கு ஆதாரம். நாலு வரி போதும். எங்கள் மேசையில் திருத்தம் போட வைத்த கடிதங்கள் எல்லாம் அந்த அளவுதான். அறிக்கை முழுவதையும் இணைத்து, நாங்கள் யாரிடம் காசு வாங்கினோம் என்று கேட்டு வந்தவை கீழ் இழுப்பறைக்குப் போயின. அவற்றிலும் சிலவற்றில் உண்மையான தவறு ஒன்று எங்கோ ஏழாம் பக்கத்தில் கிடந்திருக்கும். அதுவரை நாங்கள் படித்ததில்லை.