எண்ணூர்க் கழியில் தண்ணீர் அளக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக, சென்னைக்கு வடக்கே கடலோடு சேரும் உப்பங்கழியான எண்ணூர்க் கழிக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு இங்கே தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், தன்னார்வலர்கள் வருகிறார்கள், மீனவக் குப்பத்து இளைஞர்களே தண்ணீரின் தரம் பார்க்கும் மீட்டர் வாங்கி அளக்கிறார்கள். இது நடக்க வேண்டிய காரியம்தான். ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் அட்டவணைகளைப் பார்க்கும்போது, இவ்வளவு உழைப்பும் இப்படி வீணாக வேண்டுமா என்று மனம் பதைக்கிறது.

புட்டியைக் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, மீட்டரைச் சரிபார்ப்பது, மாதிரியை ஐஸ் பெட்டியில் வைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன. கையேட்டை ஒழுங்காகப் படித்தவர்களும் செய்கிற தவறுகள் வேறு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கள்கிழமை, காலை பத்து மணி

பார்க்கும்போது இதைவிட ஒழுங்கான திட்டம் கிடையாது. ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம். வழிகாட்டிகளும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எண்ணூர்க் கழியில் இதைவிடப் பெரிய நாசத்தைத் தருகிற திட்டத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் கழிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கிழக்கே முகத்துவாரம் வழியாகக் கடல். மேற்கே கொசஸ்தலை ஆறு; வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஆற்றுநீர் அநேகமாக வருவதில்லை. வடக்கே பழவேற்காட்டுப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய். தெற்கே மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்துவரும் அதே கால்வாய். ஓதம் (நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குவது) ஏறும்போது கடல்நீர் உள்ளே புகுந்து மற்ற மூன்றையும் பின்னுக்குத் தள்ளுகிறது. இறங்கும்போது அந்த மூன்றும் முகத்துவாரத்தை நோக்கி ஓடி வருகின்றன. ஆகவே ஒரே பாலத்தடியில், ஒரே நாளில், காலையில் கடலையும் மதியத்துக்கு மேல் கால்வாயையும் அளக்கலாம். இரண்டும் சரியான அளவீடுகள்தாம். எது எதுவென்று குறித்துவைக்காவிட்டால் இரண்டாலும் பயனில்லை.

ஓதத்தின் அளவைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அஷ்டமியை ஒட்டிப் பாதிக்கும் குறைவு. 'இதனால் என்ன ஆகிவிடும்' என்று நினைக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் படிந்து இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடங்கள் நிறைந்த கழியில் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால், அங்கிருந்த தண்ணீரில் பெரும்பகுதி மாறிவிடுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஓதம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். 'தள்ளிப்போவதால் ஒருநாள் ஏற்றம், ஒருநாள் வற்றம் என்று கலந்து வந்துவிடும், சராசரியில் சரியாகிவிடும்' என்று நம்புகிறார்கள். அங்கேதான் தவறு. 14 நாளில் ஓதம் தள்ளிப்போவது சுமார் 11 மணி 45 நிமிடம். அது ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 40 நிமிடம்தான் குறைவு. அதாவது, இந்தத் திங்கள்கிழமை பத்து மணிக்கு உயர் ஓதம் என்றால், இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள்கிழமை உயர் ஓதம் ஒன்பது இருபதுக்கு வருகிறது. நீங்கள் மறுபடியும் ஏறிய தண்ணீரில்தான் நிற்கிறீர்கள். அதற்கடுத்த முறையும் கிட்டத்தட்ட அப்படியே. நாற்பது நாற்பது நிமிடமாக நழுவி, அதே பத்து மணி தாழ் ஓதத்துக்கு வந்துசேர ஏறக்குறைய நாலரை மாதம் ஆகிறது.

இந்த நாலரை மாதம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஜனவரியில் உயர் ஓதத்தில் தொடங்கியவர் மே மாதக் கடைசியில் தாழ் ஓதத்தில் நிற்கிறார். வரைபடம் போட்டால் அழகான ஒரு சரிவு வருகிறது: உவர்ப்பு குறைகிறது, கரைந்த ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா ஏறுகிறது. 'கோடையில் ஆலைகள் கூடுதலாகக் கழிவை விடுகின்றன' என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். விடலாம், விடாமலும் இருக்கலாம். அந்த வரைபடத்தால் அதைச் சொல்ல முடியாது. அதில் தெரிவது பெரும்பாலும் நிலாவின் கணக்கு.

ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்த வரைபடம் அச்சாக இப்படித்தான் இருந்தது. கோடை ஏற ஏற உவர்ப்பு இறங்கிக்கொண்டே போனது. ஆற்றில் வரத்து இல்லை, வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது. உவர்ப்பு ஏறத்தானே வேண்டும்? அந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்திருந்தால் பாதி வழியிலேயே திட்டத்தைத் திருத்தியிருக்கலாம். அவர் மட்டுமல்ல, அறிக்கையைப் படித்த யாருமே பிடிக்கவில்லை. குப்பத்து மக்கள் அந்த அறிக்கையை நம்பித் தங்கள் மனுவோடு இணைத்தார்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு நிபுணர் கேட்டது ஒரே கேள்வி: 'மாதிரி எடுத்தபோது ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா?' நோட்டில் அந்தப் பத்தியே இல்லை. அறிக்கை ஒதுக்கப்பட்டது. படகுக் கூலி, ஆய்வகக் கட்டணம், ஒரு இளைஞரின் ஒரு வருட உழைப்பு எல்லாம் போயிற்று. அதைவிட, உண்மையாகவே நஞ்சான தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களின் புகார் 'ஆதாரமற்றது' என்று ஆனது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை போனால் தப்பிக்கலாமா? முடியாது. ஏழு நாளில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போகிறது. அதாவது அரைச் சுற்று. ஒரு வாரம் ஏற்றம், மறு வாரம் வற்றம் என்று மாறி மாறி விழும். வரைபடம் ரம்பப் பல்லாக வரும். அதைப் பார்த்து, 'வாரம் விட்டு வாரம் கழிவைத் திறக்கிறார்கள்' என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல, நேரம் பிடிப்பது. கழியில் ஒரு இடத்தில் தங்கி, விடியற்காலையில் தொடங்கி, மணிக்கு ஒருமுறை 13 மணி நேரம் அளங்கள். ஒரு முழு ஓதச் சுற்று அதற்குள் அடங்கிவிடும். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி ஒன்று, அஷ்டமியை ஒட்டி ஒன்று. இந்த இரண்டு நாள் அளவீடு ஒரு வருடத் திங்கள்கிழமைகளைவிட அதிகம் சொல்லும். அதன் பிறகு மாதாமாதம் போவதென்றால் கிழமையைப் பார்க்காதீர்கள், ஓதத்தைப் பாருங்கள்: எப்போதும் தாழ் ஓதத்தை ஒட்டி, அல்லது எப்போதும் உயர் ஓதத்தை ஒட்டி. கையில் காசு இருந்தால் இரண்டும்.

சென்னைத் துறைமுக ஓத அட்டவணையை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது. அது வெளிக்கடலின் நேரம். கழிக்குள் தண்ணீர் ஏறத் தாமதமாகிறது. மேற்கே போகப் போகத் தாமதம் கூடுகிறது. முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் இன்னும் கூடுகிறது. மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் நீரோட்டம் உள்நோக்கியே ஓடுவதுண்டு. பாலத் தூணில் பெயின்டில் சென்டிமீட்டர் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் நேரம், கோட்டில் மட்டம், ஓட்டம் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஓட்டத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு தேங்காய் நெற்று போதும்.

பத்து மணிக்கு இன்னொரு கோளாறும் உண்டு. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது; இரவில் எல்லா உயிரும் சேர்ந்து அதைத் தீர்க்கின்றன. மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியலுக்கு முன். பத்து மணிக்கு வருகிறவர் வெயில் பட்டுத் தேறிய தண்ணீரை அளந்துவிட்டு, 'மீன் வாழப் போதுமான ஆக்சிஜன் உள்ளது' என்று எழுதுகிறார்.

மேலாக மொண்டு எடுப்பது

நன்னீர் மேலே, கடல்நீர் கீழே. இரண்டிலும் எடுங்கள்.

கடல் எப்போதும் 35 என்று நினைப்பது

லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது பாடப்புத்தகக் கடல். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பி, கங்கை முதலான ஆறுகள் கலந்த நீரைச் சென்னை வரை கொண்டுவருகிறது. அப்போது கடலே நீர்த்துப்போய் இருக்கும். கழியில் நன்னீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குப் போடுவதற்கு முன், அன்றைய கடலிலிருந்து ஒரு புட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணறு உப்பு என்றால் கடல் வந்துவிட்டது என்பது

மீஞ்சூர்ப் பக்கம் இது சட்டென்று வாயில் வரும் பதில். அதற்குக் காரணமும் உண்டு. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்குமாக அங்கே பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 1969-இல் கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உப்புநீர் 1987-இல் 9 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் பிறந்ததும் அந்த 1987-இல்தான்.

ஆனாலும் ஒவ்வொரு உப்புக் கிணற்றுக்கும் கடல்தான் காரணம் என்று எழுத முடியாது. அந்த மண்ணுக்கடியில் சிப்பி கலந்த சாம்பல்நிறக் களிமண் அடுக்குகள் இருக்கின்றன. பழைய கடல் விட்டுப்போன உப்பு அவற்றுக்குள் தங்கியிருக்கலாம். பக்கத்தில் உப்பளம் இருக்கலாம், இறால் குட்டை இருக்கலாம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் இருக்கலாம், மலக்குழி இருக்கலாம். மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட ஏறுவது) என்ற ஒற்றை எண் இவற்றில் எதையும் பிரித்துக் காட்டாது. அயனிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு சுமார் 19,000 மில்லிகிராம், சல்பேட் சுமார் 2,700. அதாவது ஏழில் ஒரு பங்கு. குளோரைடைவிட சல்பேட் கூடுதலாகவும், கூடவே போரானும் தூக்கலாகவும் இருந்தால் சாம்பல் குளத்துக் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். நைட்ரேட் ஏறியிருந்தால் முதலில் சுற்றிலும் உள்ள வீடுகளையும் வயல்களையும் பாருங்கள். குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் எடையில் 290-ஐ ஒட்டி வந்தால் கடல் என்று சொல்லும் துணிவு வரும். அதைவிட வெகுவாக ஏறினால் சாக்கடை உப்பு கலந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்தப் பாகுபாடு வெறும் படிப்புக்காக அல்ல. கடல் என்று எழுதினால் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயி குற்றவாளி. சாம்பல் குளம் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் வேறு ஆள்.

போர்வெல்லில் முதல் தண்ணீரைப் பிடிப்பது

அது குழாயில் தேங்கிக் கிடந்தது. மீட்டர் எண் ஓரிடத்தில் நிற்கும் வரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

'தரையிலிருந்து ஆறு மீட்டரில் தண்ணீர்'

எந்தத் தரை? கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பா, சிமென்ட் திண்ணையா, வயலா? கடலோரத்தில் கேள்வியே நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழேயா என்பதுதான். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளிவைக்கும் என்பது கடலோர நீரியலின் பழைய கணக்கு. அளக்கும் இடத்தின் உயரத்தில் அரை மீட்டர் பிசகினால் ஆழத்தில் 20 மீட்டர் பிசகும். கைப்பேசி காட்டும் உயரத்தை எடுத்துப் போடுகிறார்கள். அது பல மீட்டர் தவறாக இருக்கும். உயர வித்தியாசம் பார்க்கும் லெவல் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. ஒருமுறை மட்டம் பார்த்து, கிணற்று விளிம்பில் பெயின்டால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால், பிறகு யார் வந்து அளந்தாலும் அங்கிருந்தே அளக்கலாம்.

கறுப்புச் சேறெல்லாம் சாம்பல் என்பது

அலையாத்தி மரங்களுக்கடியில் இருக்கும் சேறு இயல்பிலேயே கறுப்பு. காற்றுப் புகாத இடத்தில் சல்பைடு உருவாகி இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. அழுகிய முட்டை நாற்றமும் அதனால்தான். அதைப் படம் எடுத்து 'அனல்மின் நிலையச் சாம்பல்' என்று போடும்போது, உண்மையான சாம்பல் படிவைப் பற்றிச் சொல்வதையும் யாரும் நம்பாமல் போகிறார்கள். நிலக்கரிச் சாம்பல் வெளிர் சாம்பல்நிறம், மாவு போல நைசானது, காய்ந்தால் காற்றில் பறக்கும். ஒரு சிட்டிகையைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டை உருண்டையாகக் கண்ணாடி மணிகள் தெரியும். ஆற்று மணலிலும் களிமண்ணிலும் அப்படி உருண்டைகள் கிடையா. பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும்.

குப்பத்தில் கேட்காமல் திரும்புவது

முகத்துவாரத்தில் மணல் எப்போது அடைத்தது, எப்போது வெட்டிவிட்டார்கள், அனல்மின் நிலையச் சுடுநீர் எந்தப் பக்கம் வருகிறது, சாம்பல் குழாய் எந்த வாரம் உடைந்தது என்பதெல்லாம் உங்கள் மீட்டரில் வராது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் இறால் தடவும் அக்காக்களிடம் கேட்டால் திதியோடு சொல்வார்கள். அவர்கள் கழியில் இறங்குவதும் ஓதம் பார்த்துத்தான் என்பதால், மாதிரி எடுக்கப் போகும் நாளையும் நேரத்தையும் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் சொன்னதைத் தேதி போட்டு, சொன்னவர் ஒப்புக்கொண்டால் பெயரோடு, அளவீட்டு நோட்டின் அதே பக்கத்தில் எழுதுங்கள்.