கூகையோட காது நரம்பு படம் போடுறது எப்படி

முதல்ல ஒரு தப்பை விட்டுருங்க, நத்தை ஓடு மாதிரி சுருட்டி வரையாதீங்க, அது நம்ம காது, பறவைக்கு உட்காதுல இருக்கிறது லேசா வளஞ்ச வாழைப்பழம் மாதிரிதான், கூகைக்கு அது சுமார் 11 மில்லிமீட்டர், கோழிக்குஞ்சுக்கு அதுல பாதிகூட இல்ல.

அதுக்குள்ள முடி செல் (சத்தத்தை உணர்ற செல்) ரெண்டு வகை போடுங்க, நெட்டை, குட்டை. நெட்டைலேர்ந்து நீல பேனால ஒரு கோடு மூளைத்தண்டுக்கு. அங்க போனதும் கோடு ரெண்டா பிரியணும், ஒண்ணு ஆங்குலாரிஸ்ங்கிற நரம்பு செல் கூட்டத்துக்கு, அது சத்தம் எவ்ளோ பெருசுன்னு பாக்கும், இன்னொண்ணு மேக்னோசெல்லுலாரிஸ்ங்கிற கூட்டத்துக்கு, அதுக்கு சத்தம் எப்ப வந்துச்சுங்கிற நேரம்தான் முக்கியம்.

இப்பதான் மெயின் மேட்டரே. ரெண்டு பக்க மேக்னோசெல்லுலாரிஸ்லேர்ந்தும் லேமினாரிஸ்ங்கிற இன்னொரு கூட்டத்துக்கு கோடு இழுங்க, இந்தப் பக்கத்து கோடு மேலேர்ந்து, எதிர்பக்கத்து கோடு கீழேர்ந்து, ஏணி மாதிரி எதிரெதிரா. சத்தம் எந்தக் காதுக்கு முன்னாடி வருதோ அதைப் பொறுத்து சிக்னல் சேர்ற படி மாறும், ரெண்டு சிக்னலும் எந்தப் படில ஒண்ணா வந்து சேருதோ அதை வச்சுதான் எலி இடப்பக்கமா வலப்பக்கமான்னு கூகைக்குத் தெரியும், இருட்டுலயும். ஜெஃப்ரஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 1948ல பேப்பர்ல யோசிச்ச ஐடியா இது, கூகைல கார், கொனிஷிங்கிற ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் 1990ல நிஜமாவே காட்டிட்டாங்க.

கடைசியா சிவப்பு பேனா, எல்லாரும் மறக்குறது இதைத்தான் (நானும்தான்), மூளைத்தண்டுலேர்ந்து காதுக்கே திரும்பி வர்ற நரம்பு. இதை முக்கியமா குட்டை செல்லுல முடிங்க, அம்புக்குறி காதைப் பாத்து இருக்கணும், பக்கத்துல அசிட்டைல்கோலின்னு (அந்த நரம்பு விடுற ரசாயனம்) எழுதிருங்க.